இலைச்சாறும் இரும்பும்: ஒரு வாட்ஸ்அப் கேள்விக்கு இருநூறு வருஷப் பதில்

போன வாரம் பேசின எபிசோடோட எழுத்து வடிவம் இது. நடுவுல வந்த 'அதாவது', 'வந்து' எல்லாத்தையும் வெட்டியாச்சு. பேச்சுல விட்டுப்போன சில வருஷங்களைச் சேர்த்திருக்கேன். இயர்போனை வீட்டுல மறந்துட்டு கம்பெனி பஸ்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு இது உதவும்.

இருங்காட்டுக்கோட்டைன்னு சொன்னா பெங்களூர் ரோட்டில் போகிறவர்களுக்கு ஹூண்டாய் ஞாபகம் வரும். 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்த இடம். பைக் பைத்தியங்களுக்கு ரேஸ் டிராக் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது ஒரு செம்புச் சுருள். இங்கேயிருந்து ஒரகடம் வரைக்கும் ஷாஃப்ட், கியர் செய்கிற ஷெட்டுகளில் அதைப் பார்க்கலாம். உள்ளே தண்ணீர் ஓடுகிற செம்புக் குழாயை வளையமாகச் சுற்றி வைத்திருப்பார்கள். அதன் நடுவே ஒரு ஷாஃப்ட் வந்து நிற்கும். சுருளைத் தொடவே தொடாது. சில நொடிகளில் ஷாஃப்டின் மேல்தோல் மட்டும் செக்கச் சிவந்து ஒளிரும். உடனே தண்ணீர் பீய்ச்சும். தோல் கெட்டியாகிவிடும், உள்பக்கம் பழையபடி இருக்கும். இதுதான் இன்டக்ஷன் ஹார்டனிங். அந்த மெஷின் துப்புகிற கரன்ட், டெம்பரேச்சர், நேரம் இதையெல்லாம் டேட்டாபேஸில் ஏற்றும் சாஃப்ட்வேர்தான் என் சோற்றுக்கு வழி.

விஷயம் எளிது. சுருளில் ஓடுவது நொடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறுகிற மின்சாரம். அதனால் பிறக்கிற காந்தப்புலமும் அதே வேகத்தில் திசை மாறும். நடுவில் இரும்பு இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து சூடாகும். மரக்கட்டையை வைத்தால் அப்படியே இருக்கும். இரும்பை மட்டும் தேடிப்பிடித்துச் சூடாக்குகிற அடுப்பு இது.

இப்போ இதையே உடம்புக்குள் யோசிச்சுப் பாருங்க. கட்டிக்குள் மட்டும் இரும்புத்தூள் இருக்கு, சுத்தி நல்ல சதை. வெளியே சுருள். ஸ்விட்சைப் போட்டால் கட்டி மட்டும் சுடணும் இல்லையா?

1957-ல் சிகாகோவில் கில்கிறிஸ்ட் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் கேட்டது இதே கேள்வியைத்தான். குடல் புற்றுநோயை வெட்டி எடுத்த பிறகும், 'நெறி கட்டியிருக்கு' என்று நம் வீட்டில் சொல்வோமே, அந்த நிணநீர்க் கணுக்களில் நோய் ஒளிந்திருக்கும். கத்தி போகாத இடம். அவர்கள் 20 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ள இரும்பு ஆக்சைடு துகள்களை நிணநீர்ப் பாதை வழியே கணுக்களுக்கு அனுப்பினார்கள். பிறகு நொடிக்குப் 12 லட்சம் முறை திசை மாறும் காந்தப்புலத்தில் வைத்தார்கள். கணுக்கள் சூடாயின. சோதனை நாய்களில் நடந்தது. கட்டுரையின் தலைப்பிலேயே 'இன்டக்ஷன் வழிச் சூடேற்றம்' என்று இருக்கிறது. நானோ என்ற சொல் ஃபேஷனாக இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் பாக்கி.

இந்த எபிசோடு இங்கேயே முடிஞ்சிருக்கணும். முடியாம போனதுக்குக் காரணம் ஒரு அண்ணன். எங்க லைன்ல மெயின்டனன்ஸ் பாக்குறவர். அவங்க அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ பாதியில் இருக்கு. ஒரு நாள் ஷிஃப்ட் மாறும்போது போனைக் காட்டினார். 'வேப்பிலையில் செய்த காந்த நானோ துகள், பக்கவிளைவே இல்லாமல் புற்றுநோயை அழிக்கும், தமிழன் அன்றே கண்டான்' என்று ஒரு ஃபார்வர்டு. கூடவே யாரோ ஒருத்தர் மாதக்கணக்கில் மூலிகை நானோ கேப்சூல் தருவதாகவும், கீமோவை நிறுத்திவிட்டுத்தான் அதை ஆரம்பிக்கணும் என்றும் சொல்லியிருக்கார். "தம்பி, நீ படிச்சவன். இந்தக் காயில் வேலை செய்யுறது எனக்குத் தெரியும். காந்தம், இரும்பு, சூடு, எல்லாம் சரியாத்தானே இருக்கு? அம்மா வாந்தி எடுத்தே செத்துடும் போல இருக்கு" என்றார்.

அவரைச் சும்மா 'ஃபேக் நியூஸ் அண்ணா' என்று அனுப்ப முடியாது. ஏன்னா அந்த ஃபார்வர்டில் இருக்கிற ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு உண்மை இருக்கு. உண்மைத் துண்டுகளை ஒட்டிச் செய்த பொய்யைப் பிரிக்கத்தான் நேரம் ஆகும்.

'தமிழன் அன்றே கண்டான்' என்பதிலிருந்தே தொடங்குவோம்.

சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலை. அந்த மலைக் கல்லை உடைத்துப் பொடியாக்கிக் காந்தத்தைக் காட்டினால் கரும்பொடி ஒட்டிக்கொள்ளும். அது மேக்னடைட்: மூன்று இரும்பு அணுவுக்கு நான்கு ஆக்சிஜன். இன்றைக்குப் புற்றுநோய் ஆய்வகங்களில் பயன்படுத்தும் காந்தத் துகளும் பெரும்பாலும் இதே சேர்மம்தான். இந்தத் தாதுவிலிருந்து இந்த வட்டாரத்துக் கொல்லர்கள் இரும்பெடுத்தார்கள். அதிலிருந்து உருக்கு செய்தார்கள். அந்த உருக்கைத்தான் ஐரோப்பியர்கள் 'வூட்ஸ்' என்றார்கள். கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் கிடைத்த மூசைகள் இதற்குச் சாட்சி. வூட்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. கர்நாடகம், தெலங்கானா, இலங்கை எல்லா இடத்திலும் செய்தார்கள். (2025 ஜனவரியில் சிவகளை இரும்பின் வயது 5,300 ஆண்டு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது பற்றித் தனி எபிசோடு வரும். அதில் சண்டை போடலாம், இதில் வேண்டாம்.)

ஜோசையா ஹீத் என்று ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. வேலையை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் சேலத்துத் தாதுவை வைத்து இரும்பாலை தொடங்கியவர். ஊர்க் கொல்லர்கள் எப்படி உருக்கு செய்கிறார்கள் என்று அவர் எழுதி வைத்தார். இரும்பைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுவார்கள். களிமண் மூசையில் போட்டு, கூடவே காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிப் போடுவார்கள். மேலே எருக்கிலை ஒன்றிரண்டை வைத்து மூடி, வாயைக் களிமண்ணால் பூசிவிடுவார்கள். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கி, சுமார் இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினால் உருக்கு தயார். ஐரோப்பாவில் இரும்பைக் கரிப்பொடியில் புதைத்து நாள்கணக்கில் சுட வேண்டியிருந்த காலம் அது. ஆவாரங்குச்சியிலிருந்து கரி, பச்சை எருக்கிலையிலிருந்து வாயு என்று இரண்டு வழியாகவும் கார்பன் உள்ளே போவதால்தான் இவ்வளவு வேகம் என்று ஹீத் நினைத்தார். பிரிட்டனில் சில பத்தாண்டுகளுக்கு முன்புதான் தனித்தனியாகக் காப்புரிமை பெற்ற இரண்டு முறைகள் இந்த ஒரே மூசைக்குள் இருப்பதாக வியந்து எழுதினார்.

ஆக, இலையும் இரும்பும் நம் ஊரில் ஒரே பானைக்குள் இருந்தது உண்மை.

அந்த உருக்கு லண்டனுக்குப் போனது. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவர் அதைக் கொண்டாடினார். இதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க, ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இருந்த ஒரு இளைஞரிடம் போனார்கள். கொல்லர் வீட்டுப் பிள்ளை, பெயர் மைக்கேல் ஃபாரடே. 1819-ல் வூட்ஸைப் பற்றி அவர் ஒரு பகுப்பாய்வுக் கட்டுரை எழுதினார். அலுமினாவும் சிலிக்காவும்தான் அதன் ரகசியம் என்ற அவர் முடிவு தப்பு, ரகசியம் கார்பன். ஆனால் அந்த மனிதர் அதோடு நிற்கவில்லை. 1831-ல் மாறும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்று கண்டுபிடித்தார்: நம்ம இருங்காட்டுக்கோட்டை செம்புச் சுருளின் மூலம் அதுதான். 1857-ல் தங்கத்தை மிக நுண்ணிய துகளாகத் தண்ணீரில் கலந்து, அது ரூபி போலச் சிவப்பாவதைக் காட்டினார். நானோ துகள் அறிவியலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். சேலத்து உருக்கின் சொந்தக்காரன், இன்டக்ஷன், நானோ, மூன்றும் ஒரே ஆளின் மேஜையில். கில்கிறிஸ்ட் கட்டுரை வந்தது சரியாக நூறு வருஷம் கழித்து. இதில் பெரிய அர்த்தமெல்லாம் தேட வேண்டாம். எனக்குப் பிடிச்சிருந்தது, அவ்வளவுதான்.

அப்போ 'நானோ'? அதுக்கும் ஒரு துண்டு உண்மை இருக்கு. 2006-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பவுஃப்லர் குழு, 17-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கார்பன் நானோகுழாய்களைப் பார்த்ததாக நேச்சர் இதழில் எழுதியது. டமாஸ்கஸ் வாளுக்கு மூலப்பொருள் வூட்ஸ் வகை உருக்கு. அன்றிலிருந்து 'நம் முன்னோர் நானோ டெக்னாலஜி' ஃபார்வர்டு நிற்கவே இல்லை. கொல்லர் செய்தது நல்ல கத்தி. நானோகுழாய் அதில் தானாக வந்தது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதற்கு ஆவியாதலின் வெப்ப இயக்கவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பானை செய்தவரின் திறமை அதனால் ஒரு துளியும் குறையாது.

சித்த மருத்துவத்தில் அயச் செந்தூரம், காந்தச் செந்தூரம் இருக்கே என்று கமென்டில் வரும், அதனால் இப்பவே சொல்லிடறேன். இருக்கு. இரும்பையோ காந்தக் கல்லையோ மூலிகைச் சாறுவிட்டு அரைத்து, திரும்பத் திரும்பப் புடம் போட்டுச் செய்வார்கள். சோகைக்குக் கொடுப்பார்கள். செந்தூரம் என்ற பெயரே சிவப்பைச் சொல்கிறது. காற்றுபடச் சுட்ட இரும்பு ஆக்சைடின் சிவப்பு ஹெமடைட்டின் நிறம். மேக்னடைட் கறுப்பு, காந்தத்துக்கு ஓடி வரும். ஹெமடைட் கிட்டத்தட்ட அசையாது. சுருளுக்குள் வைத்துச் சூடேற்றுவதற்கு அது ஆகாது. சோகைக்கான மருந்தைச் சோகைக்கான மருந்தாகப் பார்ப்பதில் என்ன குறைச்சல்? 2009-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபெருமாக்சிடால் என்ற இரும்பு ஆக்சைடு நானோ மருந்துகூடச் சிறுநீரக நோயாளிகளின் சோகைக்குத்தான்.

சரி, 'வேப்பிலையில் செய்த நானோ' எங்கிருந்து வந்தது?

1998-ல் பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் பசுமை வேதியியலுக்குப் பன்னிரண்டு கொள்கைகளை எழுதினார்கள். நச்சு கரைப்பான் வேண்டாம், முடிந்தால் தண்ணீரில் செய், அறை வெப்பத்தில் செய், இந்த மாதிரி. 2002-ல் அமெரிக்காவில் அல்ஃபால்ஃபா செடிக்குள் தங்கத் துகள் உருவாவதைக் காட்டினார்கள். 2004-ல் புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு, வேப்பிலையைக் கொதிக்க வைத்த கஷாயத்தில் வெள்ளி உப்பையும் தங்க உப்பையும் விட்டு நானோ துகள் செய்தது. இலையில் இருக்கும் பாலிஃபீனால், சர்க்கரை, புரதம் போன்றவை உலோக அயனிகளுக்கு எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக்கும். பிறகு அதுகளே துகளின் மேல் ஒட்டிக்கொண்டு ஒன்றோடொன்று சேராமல் தடுக்கும். ஒரே இலை இரண்டு வேலை. உண்மையிலேயே அழகான வேதியியல்.

அதுக்கப்புறம் வெள்ளம்தான். துளசி, கரிசலாங்கண்ணி, முருங்கை, நொச்சி, கொய்யா. 2012-ல் வெட்டுக்காயப்பூண்டு இலைச்சாற்றில் மேக்னடைட் செய்ததாக ஒரு கட்டுரை. 2013-ல் மலேசியாவிலிருந்து கடற்பாசியில் செய்த மேக்னடைட். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இது ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்பதற்கு என் கணிப்பு: செலவு. ஒரு கூம்புக் குடுவை, ஒரு ஹாட்பிளேட், வளாகத்தில் சும்மா கிடைக்கும் இலை. பி.எச்டி ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்கணும் என்று 2009-ல் யு.ஜி.சி. விதி வைத்தது. கோடி ரூபாய் கருவி இல்லாத துறையில் இருக்கிற மாணவர் என்ன செய்வார்? நான் அவர்களைக் கிண்டல் பண்ண மாட்டேன். நானும் ஃபைனல் இயர் புராஜெக்ட் பண்ணவன்தான்.

ஆனா இரும்பு, வெள்ளி மாதிரி இல்லை. இந்த எபிசோடில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

வெள்ளி உப்பில் இலைச்சாற்றை விட்டால் மஞ்சள் கலந்த பழுப்பாகும். அந்த நிறம் வெள்ளி நானோ துகளுக்கே உரியது. நிறத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். இரும்பு உப்பில் விட்டால் உடனே கறுப்பாகும். 2009-ல் அமெரிக்காவில் தேயிலைச் சாற்றையும் இரும்பு உப்பையும் கலந்து, வந்த கறுப்பை இரும்பு உலோகத்தின் நானோ துகள் என்றார்கள். ராஜேந்தர் வர்மாவும் அந்தக் குழுவில் இருந்தார். அறை வெப்பம், சில நிமிடம், நச்சு இல்லை. உலகமே பின்பற்றியது.

இப்போ நம்ம ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்க: கடுக்காயையும் இரும்பையும் சேர்த்தால் என்ன வரும்? மை வரும். கலம்காரித் துணியில் அந்தக் கறுப்புக் கோடு எப்படி வருகிறது? கடுக்காய் ஊறிய துணியில், வெல்லத்தோடு புளிக்க வைத்த இரும்பு நீரைத் தீட்டுவார்கள். தொட்ட இடம் கறுக்கும். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக எழுதிய மையும் இதே இரும்பு, துவர்ப்பு கூட்டுதான். தேயிலையில் துவர்ப்பு இருக்கு. வேப்பிலையில் இருக்கு. அப்படியானால் குடுவையில் கறுத்தது இரும்புத் துகளா, மையா?

இந்தச் சந்தேகம் ஆய்வாளர்களுக்கே வந்தது. 2013-ல் யூகலிப்டஸ் இலையில் செய்ததைச் சோதித்தவர்களும், 2014-ல் பச்சைத் தேயிலையில் செய்ததைச் சோதித்தவர்களும், அங்கே இருப்பது இரும்பும் பாலிஃபீனாலும் சேர்ந்த கூட்டுச் சேர்மம் என்று எழுதினார்கள். உலோக இரும்பு இல்லை. சுருக்கமாச் சொன்னா, மை. இரண்டாவது கூட்டம் மாஸ்பவர் நிறமாலை வைத்து இரும்பு அணுவின் நிலையை நேரடியாகப் பார்த்தது. அதற்காகத் தாவரத்தில் மேக்னடைட்டே வராது என்று அர்த்தமில்லை. இரண்டு வகை இரும்பு உப்பையும் சரியான விகிதத்தில் எடுத்து, காரத்தைச் சேர்த்தால் வரும். 1981-ல் மசார்ட் காட்டிய வழி அது. பல 'பசுமை' கட்டுரைகளின் செய்முறைப் பகுதியைப் பொறுமையாகப் படித்தால், இலைச்சாறு வரிக்கு அடுத்த வரியில் சோடியம் ஹைட்ராக்சைடு அமைதியாக உட்கார்ந்திருக்கும். காந்தத்தைச் செய்தது காரம். இலைக்கு மேல்பூச்சு வேலை. தலைப்பில் மட்டும் இலை.

சரி, நல்ல மேக்னடைட்டே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வரி: 'புற்றுநோய் செல்களைக் கொன்றது'. எங்கே? பிளாஸ்டிக் தட்டில். எம்.சி.எஃப்-7 என்றால் 1970-ல் மிச்சிகனில் மார்பகப் புற்றுநோய் இருந்த ஒரு பெண்ணிடமிருந்து எடுத்து இன்றுவரை வளர்த்துவரும் செல்கள். ஹீலா அதைவிடப் பழசு, 1951. இதுகளின் மேல் எதையாவது போதுமான அளவு ஊற்றினால் சாகும். டெட்டால் ஊற்றினாலும் சாகும். தட்டில் எல்லாத் துகளும் செல்லின் மேலேயே கிடக்கிறது, உடம்பில் அப்படியில்லை. ஊசி போட்டதும் ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் துகளின் மேல் அப்பிக்கொள்ளும், கல்லீரலும் மண்ணீரலும் அதைக் குப்பை என்று பிடித்து ஓரம் கட்டும். டொரன்டோவில் வாரன் சான் குழு பத்து வருஷ ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் கணக்குப் போட்டது: செலுத்திய நானோ துகளில் கட்டியைச் சென்றடைவது இடைநிலை அளவாக 0.7 சதவீதம். ஆயிரத்துக்கு ஏழு. வாயில் போடுற கேப்சூலுக்கு இந்த ஏழுகூடக் கிடையாது. துகள் முதலில் வயிற்று அமிலத்தைத் தாண்டணும்.

இன்னொரு சிக்கல், சாஃப்ட்வேர்க்காரங்களுக்கு நல்லாப் புரியும். இந்தத் துகள்கள் சூடாவது ஷாஃப்ட் சூடாவது மாதிரி இல்லை. இவ்வளவு சின்னதில் சுழல் மின்னோட்டம் ஓட இடமே கிடையாது. காந்தப்புலம் திசை மாறும் ஒவ்வொரு முறையும் துகளின் காந்த முனை திரும்பணும். திரும்பத் தாமதமாகும்போது அந்த இழுபறி சூடாக வெளியேறும். லூயி நீல் 1949-ல் எழுதிய கணக்கு இது. அவர் எழுதியது சுட்ட களிமண்ணின் காந்தத்தைப் பற்றி! இந்தத் தாமதம் துகளின் அளவைப் பொறுத்துத் தலைகீழாக மாறும். சில நானோமீட்டர் கூடக்குறைய ஆனாலே சூடு பல மடங்கு வித்தியாசப்படும். அதனால் எல்லாத் துகளும் ஒரே அளவாக இருக்கணும். இலைச்சாற்றில் என்ன இருக்கிறது? பங்குனி வேப்பிலையும் ஐப்பசி வேப்பிலையும் ஒன்றா? ரோட்டோர மரமும் கிணற்றடி மரமும்? ஒரு புரோகிராமுக்கு எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன் என்று எழுதாமல் 'வேப்பிலை, தேவையான அளவு' என்று கொடுத்த மாதிரி. 'என் மெஷின்ல ஓடுதே' என்று சொல்லலாம். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி பத்தாவது பேட்சும் முதல் பேட்சும் ஒன்றா என்று கேட்பார்.

அண்ணனிடம் நான் சொன்னது இதில் கால்வாசிதான். சுருள் எங்கே என்று கேட்டேன். அவருக்கு உடனே புரிந்தது. "காயில் இல்லாம பார்ட்டை மட்டும் வெச்சா எப்படிடா ஹீட் ஆகும்?" என்று அவரே சொன்னார். கேப்சூல் விற்கிறவரிடம் காந்தப்புலம் தரும் கருவி எதுவும் இல்லை. அந்த ஃபார்வர்டை அப்படியே ஆன்காலஜிஸ்டிடம் காட்டச் சொன்னேன், வாந்தியைப் பற்றியும் வெட்கப்படாமல் சொல்லச் சொன்னேன். டாக்டர் வாந்திக்கான மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். கீமோ நிற்கவில்லை.

உண்மையான சுருளோடு மனிதர்களிடம் இதைச் செய்து பார்த்தவர்கள் பெர்லின்காரர்கள். ஆண்ட்ரியாஸ் ஜோர்டான் என்ற உயிரியலாளர் 1990-களிலிருந்தே இதன் பின்னால் இருந்தார். மேக்ஃபோர்ஸ் என்று கம்பெனி ஆரம்பித்தார். இலை இல்லை, அமினோசிலேன் பூசிய, சுமார் 12 நானோமீட்டர் இரும்பு ஆக்சைடு. ரத்தத்தில் விடாமல் மூளைக் கட்டிக்குள் நேராக ஊசியில் செலுத்தி, நொடிக்கு ஒரு லட்சம் முறை மாறும் காந்தப்புலத்தில் தலையை வைத்தார்கள். 2010-ல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. 2011-ல் வந்த முடிவு: திரும்பி வந்த கிளியோபிளாஸ்டோமா உள்ள 59 பேர், ரேடியேஷனோடு சேர்த்து இந்தச் சிகிச்சை. நோய் திரும்பியது தெரிந்த நாளிலிருந்து இடைநிலை ஆயுள் 13.4 மாதம். இந்த நோய்க்கு அது பரவாயில்லாத எண். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அதே ஆய்வில் இன்னொரு குழு இல்லை. நடைமுறை வேற மாதிரி: பல்லில் உலோக அடைப்போ கிரீடமோ இருந்தால் முதலில் பிடுங்கணும், இல்லாவிட்டால் அதுவும் சூடாகும். கட்டிக்குள் இரும்பு நிரந்தரமாகக் கிடப்பதால் பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த இடம் தெரியாது. மூளைக் கட்டி நோயாளிக்கு எம்.ஆர்.ஐ. இல்லாமல் எப்படிக் கண்காணிப்பது? 2022-ல் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது. முப்பது வருஷ உழைப்பு.

நம்ம பக்கத்திலும் இதை நிதானமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வண்டியெடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் கல்பாக்கம். அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் பிலிப் குழு காந்தத் திரவங்களில் பல வருஷமாக வேலை செய்கிறது. 2016-ல் அவர்கள் எழுதிய ஒன்றை நான் ஆசையாகப் படித்தேன். சுருளுக்குள் சாதாரண தெர்மோகப்புள் வைத்தால் அந்த உலோகக் கம்பியே சூடாகித் தப்புக் கணக்கு காட்டும். அதனால் தொடாமலே அகச்சிவப்புக் கேமராவால் திரவத்தின் சூட்டை அளந்தார்கள். புற்றுநோய் ஒழிந்தது என்ற வாக்கியமே அதில் இல்லை. எவ்வளவு சூடு, எவ்வளவு சரியாக அளந்தோம், அதுதான் விஷயம். எங்க ஷாப் ஃப்ளோரிலும் இதே தலைவலி என்பதால் எனக்கு அவர்கள் சொந்தக்காரர்கள் மாதிரி.

பசுமை வழி இரும்பு நானோவுக்கு ஒரு உருப்படியான இடம் கிடைத்ததும் சென்னையில்தான், ஆனால் வேறு துறையில். ஐ.ஐ.டி. மெட்ராஸில் பிரதீப் குழு, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானோடு இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடைச் சேர்த்து, தண்ணீரிலேயே, அறை வெப்பத்திலேயே செய்த பொருள் குடிநீரிலிருந்து ஆர்சனிக்கைப் பிடிக்கிறது. அம்ரித் என்று பெயர். காந்தம் கிடையாது, சுருள் கிடையாது. ஆர்சனிக் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களுக்குக் காரணம் என்பது மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. இதை யாரும் ஃபார்வர்டு பண்ணி நான் பார்த்ததில்லை.

கில்கிறிஸ்ட் கதையில் ஒரு பாக்கி இருக்கு. அவர் காந்தத் துகளை நிணநீர்க் கணுவுக்கு அனுப்பியது சூடேற்ற. இப்போது அதே கணுவுக்கு அதே மாதிரித் துகளை வேறொரு வேலைக்கு அனுப்புகிறார்கள். மார்பகப் புற்றுநோய் அறுவையில், நோய் முதலில் எந்தக் கணுவுக்குப் பரவியிருக்கும் என்று கண்டுபிடித்து அதை மட்டும் எடுத்துச் சோதித்தால், அக்குள் முழுக்கச் சுரண்ட வேண்டியதில்லை. கை வீங்கும் தொல்லையும் குறையும். வழக்கமாக இதற்குக் கதிரியக்க டெக்னீஷியம் போடுவார்கள். ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் பொருள். அணு மருத்துவப் பிரிவு பக்கத்தில் இருந்தால்தான் சரிப்படும். அதற்குப் பதிலாக, சர்க்கரையிலிருந்து பாக்டீரியா செய்யும் டெக்ஸ்ட்ரான் வகைப் பூச்சு பூசிய இரும்பு ஆக்சைடு நானோ திரவம் ஒன்று, பிரிட்டனில் உருவாகி, 2018-ல் அமெரிக்க ஒப்புதலும் பெற்றது. மேக்ட்ரேஸ் என்று பெயர். மார்பில் ஊசி போட்டால் நிணநீரோடு போய்க் கணுவில் தங்கும். அறுவை மருத்துவர் பேனா மாதிரி ஒரு காந்த உணர்கருவியைத் தோலின் மேல் நகர்த்துவார்; எண் ஏறுகிற இடத்தில் வெட்டினால் பழுப்பேறிய கணு தெரியும். அளவெடுக்கும் நேரத்தில் மட்டும் எஃகுக் கருவிகளை ஓரமாக வைத்துவிட்டு, பிளாஸ்டிக்கில் செய்த கருவியால் சதையை விலக்கிப் பிடித்திருப்பார்கள்.